விகிதமும் சதவீதமும்: வன்னியின் மாணவரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் விகிதமும் சதவீதமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இலங்கையின் வடக்கே வன்னியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வரும் ஓர் ஆசிரியர் என்ற முறையில், மாணவர்கள் வகுப்பிலும் பெற்றோர்கள் கூட்டங்களிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துள்ளேன். விடைகளில் வரும் விலைகளும் அளவுகளும், வேறு விதமாகச் சொல்லப்படாத இடங்களில், கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

விகிதம் என்றால் என்ன? அது பின்னத்தோடு ஒன்றா?

ஒரே வகையான இரண்டு அளவுகளை, ஒன்று மற்றதன் எத்தனை மடங்கு என்ற நோக்கில் ஒப்பிடுவதே விகிதம். ஒரு வகுப்பில் 21 மாணவிகளும் 14 மாணவர்களும் இருந்தால் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் இடையிலான விகிதம் 21:14. இரண்டையும் பொதுக் காரணியாகிய 7 ஆல் வகுத்தால் 3:2. மூன்று மாணவிகளுக்கு இரண்டு மாணவர்கள் என்ற கணக்கு வகுப்பு முழுவதிலும் செல்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த இடத்தில்தான் முதலாவது பிழை நிகழ்கிறது. "வகுப்பில் மாணவிகள் எத்தனை பங்கு?" என்று கேட்டால், 3:2 என்ற விகிதத்தைப் பார்த்தவுடன் "மூன்றில் இரண்டு" என்று பல பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். 3:2 என்பது ஒரு பகுதியை இன்னொரு பகுதியுடன் ஒப்பிடுகிறது. பின்னமோ இங்கே ஒரு பகுதியை முழுமையுடன் ஒப்பிட வேண்டும். முழு வகுப்பும் 3 + 2 = 5 பங்கு; ஆகவே மாணவிகள் ஐந்தில் மூன்று, மாணவர்கள் ஐந்தில் இரண்டு. விகிதக் கணக்கு எதுவானாலும் பங்குகளின் கூட்டுத்தொகையை ஓரத்தில் எழுதிவிட்டே தொடங்குமாறு என் மாணவர்களை வற்புறுத்துவேன். அந்த ஒரு வரி பாதிப் பிழைகளைத் தடுத்துவிடுகிறது.

விகிதத்தில் வரிசையும் அலகும் முக்கியமா?

இரண்டும் மிக முக்கியம். 3:2 வேறு, 2:3 வேறு. எது முன்னே சொல்லப்பட்டதோ அதன் எண்ணே முன்னே வரவேண்டும். அலகுகளையும் ஒன்றாக்கிய பின்னரே விகிதம் எழுதலாம். ஒருவரிடம் 1 ஏக்கர் காணியும் மற்றவரிடம் 40 பேர்ச் காணியும் இருந்தால் விகிதம் 1:40 அன்று. ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆகையால் விகிதம் 160:40, அதாவது 4:1.

மேசன்மார் "ஒன்று, இரண்டு, நாலு" என்று சொல்வதும் விகிதம்தானா?

ஆம். அதைவிட நல்ல பாடம் ஒன்றை வகுப்பறைக்குள் நான் கண்டதில்லை. வீடு கட்டும் இடத்தில் கொங்கிறீற்றுக் குழைக்கும்போது சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லிக்கல் நான்கு பங்கு என்று தாச்சியால் (இரும்புச் சட்டியால்) அளந்து கொட்டுகிறார்கள். மூன்று அளவுகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் விகிதம் அது: 1:2:4. சீமெந்து 3 தாச்சி எடுத்தால் மணல் 6, சல்லி 12. சீமெந்தைக் கூட்டினால் மற்ற இரண்டையும் அதே மடங்கால் கூட்டவேண்டும். "எல்லாவற்றிலும் ஒவ்வொரு தாச்சி கூடப் போடுவோம்" என்று யாராவது 1:2:4 ஐ 2:3:5 ஆக்கினால் அது வேறு கலவை. விகிதம் பெருக்கலால் காக்கப்படுகிறது, கூட்டலால் கெடுகிறது என்பதை ஒரு பிள்ளை அங்கே கண்ணால் காணலாம்.

சீமெந்து மொத்தக் கலவையில் எத்தனை பங்கு என்று கேட்டால் விடை நான்கில் ஒன்று அன்று; 1 + 2 + 4 = 7 ஆகையால் ஏழில் ஒன்று. இவ்விடத்தில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: 3 + 6 + 12 = 21 தாச்சிப் பொருளைக் குழைத்தால் 21 தாச்சிக் கொங்கிறீற்று வராது. சல்லியின் இடைவெளிகளை மணலும், மணலின் இடைவெளிகளைச் சீமெந்தும் நிரப்பிவிடுவதால் குழைத்த கலவையின் கனவளவு குறைந்தே இருக்கும். உலர்ந்த பொருள்களுக்கு இடையிலான விகிதம் அதனால் மாறுவதில்லை.

குளத்துத் தண்ணீர் போதாத சிறுபோகத்தில் காணிகளைப் பிரிப்பது எப்படி?

ஓர் அளவு மாறும்போது மற்றதும் அதே மடங்கால் மாறுவது விகிதசமன்; அதற்கு வன்னி தரும் எடுத்துக்காட்டு இது. ஒரு குளத்தின் கீழ் 1,200 ஏக்கர் வயல் இருக்கிறது. மழைப் பருவமாகிய காலபோகத்தில் மழையும் சேர்ந்துகொள்வதால் முழுவதையும் விதைக்கலாம். வறண்ட பருவமாகிய சிறுபோகத்தில் 400 ஏக்கருக்கே தண்ணீர் காணும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 400:1,200 என்பது 1:3. ஆகவே எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பங்கு கொடுப்பதானால், 3 ஏக்கர் உள்ளவருக்கு 1 ஏக்கர், ஒன்றரை ஏக்கர் உள்ளவருக்கு அரை ஏக்கர், 6 ஏக்கர் உள்ளவருக்கு 2 ஏக்கர் கிடைக்கும்.

"எல்லாருக்கும் சமமாக ஒவ்வோர் ஏக்கர் கொடுத்தால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி அது. சமபங்கு ஒரு நியாயம், விகிதப்படி பங்கு இன்னொரு நியாயம். எதைத் தெரிவது என்பதை ஊர் தீர்மானிக்கும். தெரிந்த முறையில் கணக்குச் சரியாக இருக்கிறதா என்பதைக் கணிதம் சொல்லும்.

சதவீதம் என்ற சொல்லின் பொருள் என்ன?

சதம் என்றால் நூறு. நம் நாட்டில் ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். வீதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்ற அளவு. "ஆளுக்கு இரண்டு வீதம் கொடு" என்று பலகாரத் தட்டை நீட்டி அம்மா சொல்லும்போது வரும் அதே வீதம்தான் இது. ஆகவே சதவீதம் என்பது ஒவ்வொரு நூறுக்கும் இத்தனை என்று சொல்வது. நூற்றுவீதம் என்பதும் அதுவே. பேச்சில் நாம் "எண்பது வீதம்" என்று சொல்லும்போது நூறு என்ற சொல் மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்பதாலேயே பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள்.

சதவீதமும் ஒரு விகிதமே. அதன் இரண்டாவது எண் எப்போதும் 100. 3:2 என்ற வகுப்பில் மாணவிகள் ஐந்தில் மூன்று, நூறில் அறுபது, ஆகவே 60%.

சதவீதத்தை மனக்கணக்காகக் காண வழி உண்டா?

முதலில் 10% ஐக் காணுங்கள். மற்றவை அதிலிருந்து வந்துவிடும். 640 இன் 35% வேண்டுமானால், 10% என்பது 64, 30% என்பது 192, 5% என்பது 32, கூட்டினால் 224. இன்னொரு வழியும் உண்டு. 50 இன் 8% என்பதும் 8 இன் 50% என்பதும் ஒன்றே, ஏனெனில் இரண்டிலும் 8 ஐயும் 50 ஐயும் பெருக்கி 100 ஆல் வகுக்கிறோம். 8 இன் பாதி 4 என்று கணத்தில் சொல்லிவிடலாம்.

நெல்லின் ஈரப்பதக் கணக்கில் ஏன் எப்போதும் குழப்பம் வருகிறது?

இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவை. சதவீதத்தில் மாணவர்கள் செய்யும் பிழைகளுள் ஆழமானது இதற்குள் இருக்கிறது.

அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லைக் கொள்வனவு செய்யும்போது ஈரப்பதம் 14% இற்கு மேற்படக் கூடாது என்று எதிர்பார்க்கிறது. வெட்டியவுடன் உள்ள நெல்லில் ஈரம் இதைவிடக் கூடவே இருக்கும். தரம் 8 மாணவி ஒருத்தி ஒரு நாள் தன் தந்தையின் சிட்டையைக் கொப்பிக்குள் நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். 1,000 கிலோ நெல், ஈரப்பதம் 20%, கழித்தது 70 கிலோ என்று அதில் நீலப் பேனையால் எழுதியிருந்தது. "சேர், இருபதிலிருந்து பதினாலுக்கு ஆறு வீதம்தானே? ஆயிரத்தில் ஆறு வீதம் அறுபது கிலோ. பத்துக் கிலோவைக் கூடக் கழித்துவிட்டார்கள்" என்றாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம் நின்றது. நானும் ஒரு கணம் அப்படியே நினைத்தேன்.

பின்னர் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். 1,000 கிலோவில் 20% ஈரம் என்றால் தண்ணீர் 200 கிலோ, மிச்சமாகிய உலர்பொருள் 800 கிலோ. வெயிலில் காயவிட்டால் போவது தண்ணீர் மட்டுமே; 800 கிலோ அப்படியே நிற்கும். காய்ந்த பின் ஈரம் 14% ஆனால் உலர்பொருள் 86%. ஆகவே 86 பங்கு 800 கிலோ. 100 பங்கு 800 × 100 ÷ 86, அதாவது ஏறத்தாழ 930 கிலோ. குறைந்தது 70 கிலோ. சிட்டை சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பத்துக் கிலோ எங்கிருந்து வந்தது? 20% என்பது 1,000 கிலோவின் இருபது வீதம். 14% என்பதோ 1,000 கிலோவின் பதினான்கு வீதம் அன்று. காய்ந்து சுருங்கிய 930 கிலோவின் பதினான்கு வீதம். முழுமை வேறுவேறான இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததே பிழை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு: எந்தச் சதவீதத்தை எழுதினாலும் அதன் கீழே "எதில்?" என்று எழுதி, விடையையும் எழுதவேண்டும். விடை எழுதமுடியாத சதவீதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதும் இதே கணக்கின் மறுபக்கம். கடல்நீரில் பொதுவாக ஏறத்தாழ 3.5% உப்பு இருக்கிறது. 100 கிலோ கடல்நீர் வெயிலில் வற்றி 50 கிலோ ஆகும்போது 3.5 கிலோ உப்பு மாறாமல் நிற்க, முழுமை பாதியாகிறது. ஆகவே உப்பு 7% ஆகிறது. உப்பு ஒரு கிராமும் கூடவில்லை, ஆனால் சதவீதம் இரட்டித்துவிட்டது. இத்தகைய கணக்குகளில் மாறாத பொருள் எது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை எளிது.

விலையை 20% கூட்டி, பின்னர் 20% குறைத்தால் பழைய விலைக்கே வருமா?

வராது. 2,000 ரூபாய் மண்வெட்டிக்கு 20% கூட்டினால் 2,400 ரூபாய். அதில் 20% கழிவு கொடுத்தால் 480 ரூபாய் குறைந்து 1,920 ரூபாய். கூட்டும்போது 20% என்பது 2,000 இல்; குறைக்கும்போது 2,400 இல். குறைப்பை முதலில் செய்து கூட்டலைப் பின்னர் செய்தாலும் 1,920 ரூபாயே வரும். பிள்ளைகள் அதைத் தாங்களே செய்து பார்க்கட்டும்.

இதனோடு பிறந்த இன்னொரு கேள்வி: 10% கழிவுக்குப் பின் விலை 1,800 ரூபாய் என்றால் முன்னைய விலை என்ன? 1,800 இன் 10% ஆகிய 180 ஐக் கூட்டி 1,980 என்று எழுதுவோரே அதிகம். கழிவு கொடுக்கப்பட்டது பழைய விலையில். 1,800 ரூபாய் என்பது பழைய விலையின் 90%. ஆகவே 10% என்பது 200 ரூபாய். பழைய விலை 2,000 ரூபாய்.

"மூன்று வட்டி" என்பதும் சதவீதமா?

ஆம், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பதன் சுருக்கம் அது. 10,000 ரூபாய்க்கு மாதம் 300, ஆண்டுக்கு 3,600, அதாவது ஆண்டு வட்டி 36%. வங்கிகள் வட்டியை ஆண்டுக் கணக்கிலும் ஊரில் கைமாற்றுக் கொடுப்போர் மாதக் கணக்கிலும் சொல்வது வழக்கமாதலால், "அங்கே பன்னிரண்டு, இங்கே மூன்றுதான்" என்று ஒப்பிட்டு ஏமாறுவோர் இருக்கிறார்கள். சதவீதத்துக்கு "எதில்?" என்று கேட்பது போலவே வட்டிக்கு "எவ்வளவு காலத்துக்கு?" என்றும் கேட்கவேண்டும்.

கிழமைக் கடன்களில் இது இன்னும் மறைந்து நிற்கிறது. 10,000 ரூபாய் வாங்கி, கிழமைக்கு 1,000 ரூபாய் வீதம் 12 கிழமை கட்டினால் மொத்தம் 12,000 ரூபாய். வட்டி 2,000 ரூபாய், அதாவது 20%. ஆனால் அது 12 கிழமைக்கு மட்டுமான 20%. ஆண்டின் 52 கிழமைக்கு அதை விரித்தால் ஏறத்தாழ 87% ஆகிறது. மேலும், முதல் கிழமையிலிருந்தே பணத்தைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால் முழுப் பத்தாயிரமும் உங்கள் கையில் இருப்பது முதலாவது கிழமையில் மட்டுமே. அதையும் கணக்கில் எடுத்தால் உண்மையான ஆண்டு வீதம் இந்த 87% இன் இரட்டிப்பை நெருங்கும். போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ தாய்மார் இப்படிப்பட்ட கடன்களில் வருந்தியதைக் கண்டவன் நான். தரம் 9 முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கணக்கைத் தன் வீட்டில் செய்து காட்டக்கூடியவராக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

ஒன்று கூடினால் மற்றதும் எப்போதும் அதே மடங்கால் கூடுமா?

கூடாது. ஒரு வயலில் 6 பேர் 4 நாளில் களை எடுப்பார்களானால் 8 பேர் எடுக்க 3 நாள் போதும். ஆட்கள் கூட நாட்கள் குறைகின்றன. இரண்டையும் பெருக்கி வரும் எண் மட்டும் 24 ஆகவே நிற்கிறது. இது நேர்மாறு விகிதசமன். கூடுமா, குறையுமா என்று கணக்குத் தொடங்குமுன் ஒரு சொல்லில் எழுதிவையுங்கள்.

குளம் பாதி உயரத்துக்கு நிரம்பினால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லலாமா?

மாரிகாலத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை எல்லாரும் அடிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்போம். முழுக் கொள்ளளவில் அதன் நீர்மட்டம் 36 அடி. அது 18 அடியில் நிற்கும்போது "ஐம்பது வீதம் நிரம்பிவிட்டது" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. உயரத்தில் ஐம்பது வீதம் என்றால் சரி, தண்ணீரில் அப்படியன்று. குளத்தின் அடி ஒடுக்கமாகவும் மேற்பரப்பு அகலமாகவும் இருப்பதால் கீழ் 18 அடியில் கொள்ளும் நீரைவிட மேல் 18 அடியில் கொள்ளும் நீர் மிகக் கூட.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சிரட்டை போதும். பாதித் தேங்காயின் வட்டமான சிரட்டையை மணலில் நிமிர்த்தி வைத்து, உயரத்தின் நடுவில் உட்புறம் ஒரு கோடு கீறி, அதுவரை தேக்கரண்டியால் எண்ணி எண்ணித் தண்ணீர் விடுங்கள். பின்னர் விளிம்பு வரை நிரப்பி மொத்தக் கரண்டிகளை எண்ணுங்கள். சிரட்டை சரியான அரைக்கோளமாக இருந்தால் பாதி உயரத்தில் நிற்பது மொத்தத்தின் 31.25% மட்டுமே, அதாவது மூன்றில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. நேர்ச் சுவருள்ள வாளியில் செய்தால் பாதி உயரம் பாதித் தண்ணீர் என்பது பொருந்தும். விகிதசமன் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இரண்டு சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி கிடைக்குமா?

இரு முழுமைகளும் சமமாக இருந்தால் மட்டுமே கிடைக்கும். ஒரு பாடசாலையில் 10 பேர் பரீட்சை எழுதி 8 பேர் சித்தியடைந்தால் 80%. இன்னொன்றில் 40 பேர் எழுதி 20 பேர் சித்தியடைந்தால் 50%. இரண்டும் சேர்ந்த சித்தி வீதம் 65% அன்று. 50 பேரில் 28 பேர், அதாவது 56%.

சிறிய பாடசாலைகளில் கற்பிக்கும் எங்களுக்கு இது வெறும் பயிற்சிக் கணக்கு அன்று. நான்கு பிள்ளைகள் மட்டுமே பரீட்சை எழுதும் ஒரு பாடசாலையில் ஒரு பிள்ளை 25%. அந்தப் பிள்ளை காய்ச்சலால் சரியாக எழுதமுடியாமற் போனாலே 100% இருந்த இடத்தில் 75% வந்து நிற்கும். ஆகவே சதவீதத்தைச் சொல்லும்போது எத்தனை பேரில் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று நான் எங்கும் கேட்டு வருகிறேன்.

40% இலிருந்து 50% ஆனால் உயர்வு 10% தானா?

இரு சதவீதங்களின் வித்தியாசமாகிய உயர்வு 10 சதவீதப் புள்ளிகள். பழைய 40 ஐ முழுமையாக எடுத்தால் அது 25% உயர்வு, ஏனெனில் 10 என்பது 40 இன் கால்பங்கு.

சதவீதம் நூறுக்கு மேல் போகலாமா?

பகுதியை முழுமையுடன் ஒப்பிடும்போது போகாது. வகுப்பில் 120% பேர் வரமுடியாது. ஒன்றை வேறொன்றுடன் ஒப்பிடும்போது போகும். சென்ற போகத்தில் 20 மூடை விளைந்த வயலில் இம்முறை 50 மூடை விளைந்தால், விளைச்சல் சென்ற முறையின் 250%, உயர்வு 150%.

வரைபடத்தில் 1:50 000 என்று எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது?

வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வீதி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அந்த வீதியை நூல் வைத்து அளந்தால் இந்த வரைபடத்தில் ஏறத்தாழ 1 மீற்றர் நீளம் வரும்.

கணிதம் படிக்காத பெற்றோர் வீட்டில் எப்படி உதவலாம்?

நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்டால் போதும். நெல்லு மூடைக்குக் கிடைத்த பணம், கடைச் சிட்டை, பயிர் மருந்துப் போத்தலில் உள்ள அளவு ஆகியவற்றைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் என்று போத்தலில் இருந்தால், மருந்து தெளிக்கும் நம் 16 லீற்றர்த் தாங்கிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 160 மில்லிலீற்றர் என்று பிள்ளை சொன்னால், தாங்கியில் பாதிதான் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கணிப்பானைக் கேட்டால், விடையை முதலில் உத்தேசமாகச் சொன்ன பின்னரே கொடுங்கள்.